மூலையில் வைத்த சிவப்புப் புள்ளி

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் ஓ.எல். வரைக்கும்தான் படித்தேன். இருபத்தேழு வருடம் கடையில் நான் எழுதியதெல்லாம் மற்றவர்களின் பெயர், முகவரி, அடையாள அட்டை இலக்கம் என்பவைதான். அதையும் கட்டத்துக்கு ஓர் எழுத்து என்றுதான் எழுதினேன். நாலு பேர் இருக்கும் இடத்தில் வாய் திறக்கக் கூச்சப்படுகிறவள் ஒரு கட்டுரை எழுத உட்கார்ந்திருப்பது எனக்கே சரியாகப் படவில்லை. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எழுத வைத்தவர்கள் இப்போது கடையில் நிற்கும் பிள்ளைகள். இனிப் படிவமே வேண்டாம், அடையாள அட்டையைக் கைப்போனில் படம் பிடித்தால் போதும் என்று வந்துவிட்டதாம். அதனால் பழைய அலுமாரியை ஒதுக்கியிருக்கிறார்கள். அடித்தட்டில் ஒரு பெட்டி நிறையச் சிம் படிவங்கள் இருந்தனவாம். ஒவ்வொன்றின் வலது மேல் மூலையிலும் சிவப்புப் பென்சிலால் ஒரு புள்ளி.

"ராத்தா, இது என்ன புள்ளி? கள்ளனுகள்ற லிஸ்டா?" என்று போன் எடுத்துக் கேட்டுச் சிரித்தார்கள்.

"அது பழைய சட்டம் ஒண்டு" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

நான் சொன்னது பொய். அப்படி ஒரு சட்டம் இருந்ததில்லை. எங்கள் முதலாளி ஹாஜியார் மௌத்தாகி மூன்று வருடமாகிறது. அந்தப் பெட்டியைப் பற்றித் தெரிந்த ஆள் இனி நான் ஒருத்திதான். கண் பார்வை மங்கி வேலையை விட்டு வீட்டில் இருக்கிறேன். நானும் சொல்லாமல் போனால் அந்தப் பெட்டியில் பெயர் உள்ளவர்களெல்லாம் கள்ளர்களாகவே இருந்துவிடுவார்கள்.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது கைப்போன் என்ற ஒன்றை ஊரில் யாரும் கண்டதில்லை. கல்முனைப் பிரதான வீதியில் எங்கள் கடைக்குக் கொமினிகேஷன் என்றுதான் பெயர். பலகை அடித்த மூன்று கூண்டுகள். அதில் ஒன்றுக்குத் திரை போட்டிருக்கும். அது பெண்களுக்கு. வெளிநாட்டில் இருக்கும் மாப்பிள்ளையோடு கதைக்க வருகிற பெண்களுக்கு இலக்கத்தை அடித்துக் கொடுத்து, நேரம் பார்த்துச் சொல்வது என் வேலை. ஹாஜியார் என் உம்மாவுக்குத் தூரத்துச் சொந்தம். அதனால்தான் வீட்டில் விட்டார்கள்.

ஹாஜியாரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவர் யாரையும் அதட்டி நான் கண்டதில்லை. யாரையும் நம்பியும் கண்டதில்லை. அடையாள அட்டையைக் கொடுத்தால் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். பிறகு பெருவிரல் நகத்தால் அதன் ஓரத்தைத் தடவிப் பார்ப்பார். கேள்வியை மேசையில் கேட்க மாட்டார். ஆள் வேலை முடிந்து வாசலுக்குப் போன பிறகுதான், "மன்னிச்சிக்கங்க தம்பி, உங்கட வீட்டு முன்வாசல் எந்தப் பக்கம் பாத்திரிக்கி?" என்பார். பொய் சொல்ல வந்தவன் மேசையில் இறுகிப்போய் இருப்பான், வாசலில்தான் தளர்வான் என்பது அவருடைய கணக்கு.

இன்னொரு வழக்கமும் இருந்தது. கைப்போன் வந்த பிறகு, ரீலோட் போட, அதாவது போனுக்குக் காசு ஏற்ற வருகிறவர்களின் இலக்கத்தை எழுதும் கொப்பியை மற்றக் கடைகளில் மேசையில் திறந்து வைத்திருப்பார்கள். பொடியன்மார் சாய்ந்து நின்று பெண்பிள்ளைகளின் இலக்கத்தை மனப்பாடம் செய்துகொண்டு போவார்கள். இரவில் 'ஹலோ, ஆரு கதைக்கிற?' என்று தொல்லை தொடங்கும். எங்கள் கடையில் அந்தக் கொப்பி என் மேசை லாச்சிக்குள்தான் இருக்கும், சாவி என் கழுத்தில். அதற்காகவே மருதமுனையிலிருந்தும் பெரியநீலாவணையிலிருந்தும் பெண்கள் என்னைத் தேடி வந்தார்கள்.

கடல் வந்த நாளைப் பற்றி அதிகம் எழுத மாட்டேன். எங்கள் வீடு கல்முனைக்குடிக் கடற்கரைப் பக்கம். வீடு போனது. உம்மாவும் போனார். பதினோராம் நாள் நான் வேலைக்கு வந்தேன். கடைக்கு லைன் வந்திருந்தது. வெளிநாட்டிலிருந்து ஓயாமல் அழைப்பு வரும். 'இன்னாரின் பெண்சாதி இருக்கிறாவா, பிள்ளை இருக்கிறதா' என்று கேட்பார்கள். வரிசையில் நிற்கும் யாராவது 'இரிக்காவாம், முகாம்ல கண்டாங்களாம்' என்பார்கள். அப்படி ஒருவருக்கு நான் சொல்லப் போனபோது ஹாஜியார் வந்து ரிசீவரை என் கையிலிருந்து மெதுவாக வாங்கினார்.

"நீ கண்டயா புள்ள?"

"இல்ல ஹாஜியார். வரிசையில நிக்கிற அந்தக் காக்கா சொன்னார்."

"கண்ணால கண்டாச் சொல்லு. காணாட்டி, காணல்ல எண்டு சொல்லு. ரெண்டுக்கும் நடுவால ஒண்டும் சொல்லாத."

அந்தப் பெண் உயிரோடு இருக்கவில்லை. பிறகுதான் தெரிந்தது. அன்றிலிருந்து நான்கு வருடம் அந்தச் சொல்லைத் தாண்டாமல் இருந்தேன்.

பிறகு கைப்போன் வந்தது. சண்டை கடுமையானபோது சிம் விற்பது சீனி விற்பது போல இல்லாமல் போயிற்று. படிவம், அடையாள அட்டையின் பிரதி, கையொப்பம் மூன்றும் வேண்டும். அட்டையில் உள்ள முகவரியை ஓர் எழுத்தும் மாற்றாமல் எழுத வேண்டும். சிம் யார் பெயரில் இருக்கிறது என்பதற்குக் கம்பனியிலிருந்து கடைக்கு ஒரு கடிதம் வரும். அதைப் போனோடு கொண்டுதிரிய வேண்டும். செக்பொயின்டில் கேட்பார்கள்.

அந்த நாளில்தான் ஹாஜியார் எனக்குச் சிவப்புப் பென்சிலைத் தந்தார்.

"மனசுக்குச் சரி வராத ஆள் வந்தா மூலையில ஒரு புள்ளி வெய். ஏன் எண்டு எழுத வேணாம். மூணு நாள் கழிச்சி நான் அந்த நம்பருக்கு அடிச்சிக் கதைச்சிப் பாப்பன்."

அதை எங்கள் இருவரைத் தவிர வேறு யாரும் அறிய மாட்டார்கள். நான் அதிகம் வைக்கவில்லை. வைத்த ஒவ்வொரு புள்ளிக்கும் காரணம் எனக்கு நினைவிருக்கும்.

போர் முடிவதற்கு முந்தின வருடம் அலியார் காக்கா மகளோடு கடைக்கு வந்தார். மோட்டார் சைக்கிளில் பெட்டி கட்டி அம்பாறைப் பக்கம் மீன் கொண்டுபோய் விற்பவர். அவருடைய வீடும் எங்கள் வீட்டைப் போலவே கடலோடு போனது. சுனாமி வீட்டுத் திட்டத்தில் இருந்தார். மகள் பெயர் நஸ்ரின். மலைநாட்டுப் பக்கம் ஒரு கெம்பஸில், பல்கலைக்கழகத்தில், இடம் கிடைத்திருந்தது. அவர்கள் குடும்பத்தில் கெம்பஸ் போகும் முதல் பிள்ளை.

"தங்கச்சி, மகளுக்குப் போன் ஒண்டு எடுக்கணும். ஹொஸ்டல்ல இரிக்கப் போறா. கைப்போன் வேணாம். மேசைல வெக்கிற போன் தாங்க."

கடல் கம்பிகளைக் கொண்டுபோன பிறகு வீடுகளுக்கு வந்த வயர் இல்லாத மேசைப் போனைத்தான் கேட்டார். அதை ஓரிடத்தில் பதிந்தால் அந்த இடத்தில்தான் வேலை செய்யும்.

"ஏன் காக்கா அது?"

"கைப்போன் எங்க இருந்தும் ஹலோ எண்டு சொல்லும். இது அறையில இருந்தாத்தான் சொல்லும். நான் அடிக்கக்குள்ள எடுத்தா மகள் அறையில இரிக்கா. எடுக்காட்டி இல்ல. லேசு."

"வாப்பா, நான் வகுப்புக்குப் போனாலும் எடுக்க மாட்டன்தானே" என்றாள் மகள்.

"வகுப்பு எத்தின மணிக்கு எண்டு எழுதித் தா."

"குளிக்கப் போனா?"

"அதையும் எழுது."

ரீலோட் போட வந்து நின்ற ஒரு மாமி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "அலியார், புள்ளையப் படிக்க அனுப்புறீங்களா, ஆட்டைக் கட்டையில கட்டுறீங்களா?"

"ஆடு எண்டா நான் பயப்பட மாட்டன் மாமி. ஆட்டுக்கு ஆரும் போன் அடிக்க மாட்டான்."

கெம்பஸ் பிள்ளைக்குப் போன் எடுக்க வருகிறவர்களிடம் நான் மூன்று விஷயம் கேட்பேன். இப்போது கடையில் நிற்கும் பிள்ளைகளும் இதைக் கேட்டுக்கொள்ளலாம். ஹொஸ்டல் மேட்டில் இருக்கிறதா பள்ளத்தில் இருக்கிறதா, அறை எத்தனையாம் மாடி? அதே ஹொஸ்டலில் மூத்த பிள்ளைகள் என்ன சிம் பாவிக்கிறார்கள்? ரீலோட் எங்கே போடப் போகிறார்கள்? விளம்பரத்தைப் பார்த்து எடுத்துக்கொண்டு போய், தண்ணீர்த் தாங்கியில் ஏறி நின்று வீட்டுக்குக் கதைத்த பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

நஸ்ரின் கேட்டு வந்திருந்தாள். ஹொஸ்டல் பள்ளத்தில் இருக்கிறது. அறைக்கு நாலு பேர், கரண்ட் பிளக் ஒன்று. மேசைப் போன் வைக்க வார்டன் விடமாட்டார். எங்கள் கடற்கரையில் நன்றாக எடுக்கிற சிம் அங்கே செத்துக் கிடக்கும். இன்னொரு கம்பனியின் சிம்தான் மாடி நடையில் எடுக்கும். அங்குள்ள பிள்ளைகள் எல்லோரும் அதுதான். ஒரே கம்பனிக்குள் கதைத்தால் மலிவு.

அலியார் காக்கா மகளை ஒருமாதிரிப் பார்த்தார். "ஏன் அந்தச் சிம்தான் வேணும் எண்டு நிக்கிறா? அதுல ஆரு இரிக்கா?"

"சிக்னல் இரிக்கி வாப்பா."

அவர் இறங்கி வரவில்லை. அப்போது நான் ஒன்று சொன்னேன். "காக்கா, ரீலோட்டை அங்க கடையில போட விடாதீங்க. நம்பர் வெளியால போகும். நீங்க இஞ்ச என்னட்டத் தந்தா நான் இஞ்ச இருந்தே அனுப்புவன்."

"அப்ப எவ்வளவு கதைக்கிறா எண்டு எனக்கு விளங்கும்?"

"ஓம் காக்கா. முடிய முடிய உங்களிட்டத்தானே கேக்கணும்."

அவருடைய முகம் தெளிந்தது. மேசைப் போனை மறந்துவிட்டார். அவருடைய சந்தேகத்தைக் கொண்டே நான் அந்தச் சிம்மை விற்றேன். அன்று அதைக் கெட்டித்தனம் என்று நினைத்தேன்.

பிழை அடுத்ததில் நடந்தது. யார் பெயரில் எழுத என்று கேட்டேன்.

"எண்ட பேருல எழுதுங்க. குமருப்புள்ளட பேரும் நம்பரும் கடதாசியில கிடந்து ஊர் சுத்த வேணாம்."

எங்கள் பக்கத்தில் எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். கலியாணமாகாத பெண்ணின் சிம் வாப்பா பெயரில் இருக்கும், அல்லது கூடப்பிறந்த காக்கா பெயரில் இருக்கும். கண்ணியமான வீடு என்பதற்கு அதுவும் ஓர் அடையாளம். பாவிக்கிற பிள்ளையின் பெயரில் எடுத்தால் நல்லது என்று நான் சொன்னேன். ஆனால் படிவத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். அவர் "வேணாம்" என்றதும் விட்டுவிட்டேன்.

அவருடைய அடையாள அட்டையில் கடற்கரை வீதி வீட்டு முகவரி இருந்தது. "அந்த வீடு இப்ப இல்ல தங்கச்சி" என்றார். "அட்டையில உள்ளதத்தான் எழுதணும் காக்கா" என்றேன். எங்கள் இரண்டு பேருக்கும் அது புதினமாகத் தெரியவில்லை. என்னுடைய அட்டையிலும் கடல் கொண்டுபோன வீடுதான் இருந்தது. ஊரில் பாதிப் பேருக்கு அப்படி. மகள் அட்டை எடுத்தது சுனாமிக்குப் பிறகு. அதனால் அவளுடைய அட்டையில் வீட்டுத் திட்ட முகவரி இருந்தது. வாப்பாவுக்கு ஒரு முகவரி, மகளுக்கு வேறு முகவரி. அதை நான் கண்டேன். கண்டும் எழுதினேன்.

வெளியே யாரோ மோட்டார் சைக்கிளை நகர்த்தச் சொல்லிச் சத்தம் போட்டார்கள். அலியார் காக்கா எழுந்து போனார். நஸ்ரின் மேசைக்குக் கிட்ட வந்து குனிந்தாள்.

"ராத்தா, இந்த நம்பருக்கு ஆரு அடிச்சிக் கதைச்ச எண்டு வாப்பாக்குத் தெரிய வருமா?"

"வராது" என்றேன்.

அவளுக்கு மூச்சு வந்தது. எனக்கு அது பிடிக்கவில்லை. யாரோ ஒரு பொடியன் இருக்கிறான், அதற்குத்தான் இந்தச் சிம் என்று நினைத்தேன். அவர்கள் போன பிறகு பென்சிலை எடுத்து மூலையில் ஒரு புள்ளி வைத்தேன்.

மூன்று நாள் கழித்து ஹாஜியார் அந்த இலக்கத்துக்கு அடித்துக் கதைத்தார். பிறகு என்னிடம் வந்தார். "ஏன் புள்ள வெச்ச?" நான் அவள் கேட்டதைச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் படிவத்தைப் பார்த்தார்.

"நான் கேட்ட சந்தேகம் இது இல்லயே" என்றார். "சரி. வெச்சது வெச்சதுதான். அழிச்சா இன்னும் அசிங்கமாத் தெரியும்." படிவத்தை உள்ளே கொண்டுபோய் வைத்தார்.

இரண்டு மாதம் போயிற்று. ஒரு வெள்ளிக்கிழமை பதினொரு மணி போல அலியார் காக்கா கடைக்கு ஓடி வந்தார். மீன் பெட்டியை எங்கேயோ போட்டுவிட்டு வந்திருந்தார். சறத்தில் ஐஸ் தண்ணீர் வடிந்தது.

முந்தின நாள் நஸ்ரின் லீவு முடிந்து கெம்பஸுக்குப் போன பஸ்ஸைச் செக்பொயின்டில் மறித்திருக்கிறார்கள். போனையும் கடிதத்தையும் கேட்டிருக்கிறார்கள். கடிதத்தில் ஓர் ஆணின் பெயர். அவர் வாப்பா என்றிருக்கிறாள். முகவரி ஏன் வேறு என்று கேட்டிருக்கிறார்கள். இவள் பயத்தில் அழுதிருக்கிறாள். பஸ் போய்விட்டது, இவளை இறக்கி வைத்துக்கொண்டார்கள். கண்டக்டர் இலக்கம் தேடிச் செய்தி சொன்னதே அன்று காலைதான்.

"எண்ட மகள் ராவு முழுக்க ஸ்டேஷன்ல தங்கச்சி" என்றார். "சிம் எண்டதான் எண்டு ஒரு கடிதம் தாங்க. கொண்டு போறன்." கொஞ்சம் பொறுத்து, "வரட்டும். படிச்சதும் போதும், போனும் போதும்" என்றார்.

ஹாஜியார் அவரை இருத்தித் தேத்தண்ணி கொடுத்தார். அவர் குடிக்க முன்பே சிவில் உடுப்பில் இரண்டு போலீஸ்காரர்கள் வந்தார்கள். மூத்தவர் தமிழ் நன்றாகக் கதைத்தார்.

"இந்த முகவரிக்குப் போனோம்" என்று ஒரு துண்டைக் காட்டினார். "அங்க வீடு இல்ல. கிணத்துக் கட்டு ஒண்டும் ரெண்டு படியும் இருக்கு. படி மணலுக்குள்ள போகுது. இல்லாத வீட்டுக்கு நீங்க சிம் குடுத்திருக்கீங்க. படிவத்தக் கொண்டு வாங்க."

ஹாஜியார் உள்ளே போய் எடுத்து வந்து வைத்தார். மூத்தவர் பெயரைப் பார்த்தார், கையொப்பத்தைப் பார்த்தார். பிறகு விரலை மூலையில் வைத்தார்.

"இந்தச் சிவப்பு என்ன?"

அதை நகத்தால் சுரண்டிப் பார்த்தார்.

"யார் வெச்சது?"

ஹாஜியார் என்னைப் பார்க்கவில்லை. மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அலியார் காக்கா எழுந்துவிட்டார். "என்ன சிவப்பு? எண்ட மகள்ற கடதாசியில என்ன அது?"

எனக்கு இரண்டு பக்கமும் தெரிந்தது. சந்தேகப் புள்ளி என்று சொன்னால் அந்தப் பிள்ளையை எங்கே கொண்டுபோவார்கள் என்று அந்தக் காலத்தில் எங்களில் யாராலும் சொல்ல முடியாது. அவள் என்னிடம் கேட்டதைச் சொன்னால் போலீஸ் சிரித்துவிட்டு விடக்கூடும். ஆனால் வாப்பா பக்கத்தில் நிற்கிறார். அவள் கெம்பஸ் வாசலை இனிக் காண மாட்டாள்.

"நான்தான் சேர் வெச்சன்" என்றேன். என் குரல் எனக்கே வேறு ஆளின் குரல் போல இருந்தது. "அந்த வீட்டக் கடல் கொண்டு போயிட்டு. அட்டையில வீடு இரிக்கி, நிலத்துல இல்ல. அப்படியான படிவத்துக்கு நாங்க ஒரு புள்ளி வெப்பம். அடையாளத்துக்கு."

அவர் என்னை நீண்ட நேரம் பார்த்தார். ஹாஜியார் வாசலில் ஆட்களைப் பார்ப்பாரே, அதே பார்வை.

"அப்படியா. கடல் இந்த ஒரு வீட்ட மட்டுமா கொண்டு போனது?"

"இல்ல சேர்."

"அப்ப மத்தப் படிவங்களிலயும் புள்ளி இருக்கணும். காட்டுங்க மிஸ்."

ஹாஜியார்தான் சொன்னார், அவருடைய மெல்லிய குரலில். "பழைய பெட்டிகள் மேல கிடக்கு சேர். இறக்கணும். இண்டைக்கு ஜும்ஆ, கடை பூட்டுற நேரம். நாலு மணிக்கு வந்தீங்கண்டா எல்லாம் மேசையில இருக்கும்."

மூத்தவர் யோசித்தார். இளையவரை வாசலில் ஒரு கதிரை போட்டு உட்கார வைத்துவிட்டுப் போனார். அலியார் காக்காவைத் தொழுகைக்குப் பள்ளிவாசலுக்கு வரச் சொல்லி ஹாஜியார் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார். போகும் முன்பு உள் அறைக்கு வந்தார். அலுமாரிச் சாவியை என் மேசையில் வைத்தார். சட்டைப் பையிலிருந்து பென்சில் சீவும் கட்டரை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார்.

"நான் வர ரெண்டு மணியாகும் புள்ள" என்றார்.

உள் அறைத் திரையை இழுத்துவிட்டுப் பெட்டிகளை இறக்கினேன். எந்த வீதி போனது, எந்த வீதி நின்றது என்று எனக்கு யாரும் சொல்லித் தரத் தேவையில்லை. முகவரியைப் படித்தால் வீடு கண்ணுக்கு வரும். பச்சைக் கேட் வீடு, போனது. தையல் மெஷின் வைத்திருந்த சாச்சியின் வீடு, போனது. ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி. புதுப் புள்ளி மினுங்கியது, அதனால் முந்தானையால் தேய்த்துத் தேய்த்து மங்க வைத்தேன். பென்சிலை மூன்று தரம் சீவினேன். முன்பு உண்மையான சந்தேகத்தில் புள்ளி வைத்த சில படிவங்கள் இருந்தன. அவர்களின் வீடுகள் நின்றன. அவற்றை எடுத்துத் தொழுகைப் பாய்க்குக் கீழே வைத்தேன். ஹாஜியார் அவர்களோடு கதைத்து, பிழை இல்லை என்றுதான் சொல்லியிருந்தார். ஆனாலும் அவர்களில் ஒருவர் பிழையான ஆளாக இருந்திருந்தால்?

என்னோடு பள்ளியில் படித்தவர்கள், எனக்குச் சோறு தந்தவர்கள், உம்மாவைத் தேடப் போனவர்கள் எல்லோருடைய பெயரிலும் புள்ளி வைத்தேன். கடைசியில் என்னுடைய படிவம் வந்தது. அதிலும் வைத்தேன்.

நாலு மணிக்கு மூத்தவர் வந்தார். ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஒரு படிவத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். அது என்னுடையது.

"இது நீங்க?"

"ஓம் சேர்."

"உங்களுக்கே புள்ளி வெச்சீங்களா?"

"வீடு இல்லத்தானே சேர்."

அவர் நம்பினாரா என்று எனக்குத் தெரியாது. படிவத்தைத் திரும்ப வைத்தார். ஹாஜியாரின் போனை வாங்கிச் சிங்களத்தில் கதைத்தார். பிறகு அலியார் காக்காவிடம், "போய் மகளைக் கூட்டிட்டு வாங்க" என்றார். வாசலுக்குப் போனவர் திரும்பி நின்றார். "ஹாஜியார், புள்ளி உள்ள எல்லாரும் கிராம சேவகர் கடிதத்தோட வந்து புது முகவரியில திரும்ப எழுதணும். யாரும் மிஞ்சக் கூடாது. திங்கட்கிழமை தொடங்குங்க. லிஸ்ட் எனக்கு வேணும்."

அன்று பின்னேரம் நான் ஹாஜியாரிடம், "கண்டதத்தான் சொல்லணும் எண்டு சொன்னீங்களே" என்றேன்.

"வீடு இல்லாததக் கண்டதானே" என்றார். கட்டரை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை அலியார் காக்கா மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். சிம்மை அவளுடைய பெயருக்கு மாற்ற வந்திருந்தார்கள். படிப்பை நிறுத்துவதைப் பற்றி அவர் ஒன்றும் பேசவில்லை. "கடல் செஞ்ச வேலைக்கு மகள் என்ன செய்வா" என்று மட்டும் சொன்னார். நஸ்ரின் மெலிந்து தெரிந்தாள். நான் அவளுடைய அட்டையைப் பார்த்து எழுதினேன். பிரதி எடுக்க வாப்பா மெஷின் பக்கம் போனதும் அவள் குனிந்தாள்.

"ராத்தா, அந்தப் புள்ளி வீட்டுக்கா வெச்ச, எனக்கா?"

எனக்குப் பொய் சொல்ல இனிமேல் தெம்பு இல்லை. "உனக்கு" என்றேன்.

அவள் பேனையை எடுத்தாள். "நான் அண்டைக்கு உங்களிட்டக் கேட்டது ஏன் எண்டா..."

"சொல்லாத மகள்" என்றேன். "எனக்குத் தெரியாம இருந்தா ஆரு கேட்டாலும் தெரியா எண்டு சொல்லலாம்."

அவள் படிவத்தில் கையொப்பம் வைத்தாள். நான் மூலையைக் கையால் மறைத்துக்கொண்டிருந்தேன் என்பதைப் பிறகுதான் கவனித்தேன். அங்கே ஒன்றும் இல்லை. அவளுக்கு யார் போன் அடித்தார்கள் என்பது இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

அடுத்த நாள் திங்கட்கிழமை. கடை திறக்க முன்பே பச்சைக் கேட் வீட்டுக்காரரும் தையல்காரச் சாச்சியும் இன்னும் பலரும் அடையாள அட்டையோடும் கிராம சேவகர் கடிதத்தோடும் வாசலில் நின்றார்கள். "எங்கட பேருக்குப் புள்ளி வெச்ச ஆரு புள்ள?" என்று சாச்சி கேட்டார். "தெரியா சாச்சி, மேலிடத்துச் சட்டம்" என்று சொல்லிவிட்டு எழுதத் தொடங்கினேன். மத்தியானத்துக்குப் பிறகு கரண்ட் போய்விட்டது. பிரதி எடுக்க முடியாமல் மிச்சப் பேரைச் செவ்வாய்க்கிழமை வரச் சொன்னேன்.